என் மெஷின் சொன்ன நூற்றுத் தொண்ணூற்றேழு

வியாழக்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு என் மெஷின் என் மகளுக்கு 197 என்று சொன்னது.

நேரம் சரியாகத் தெரியும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் எதிரில் நேரத்தை நோட்டில் குறிப்பது என் வழக்கம். அன்றைக்கும் கை தானாக 7.40 என்று எழுதிவிட்டது. அடுத்த கட்டத்தில் எண்ணை எழுத வேண்டிய இடத்தில்தான் பேனா நின்றது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்குப் பின்புறம் இருக்கிறது எங்கள் லேப். இரண்டே அறை. முன்னறையில் ரத்தம் எடுப்பது, பின்னறையில் பரிசோதிப்பது. இருபத்திரண்டு வருடமாக இரண்டும் நான்தான். சிமெண்ட் ஆலை டிரைவர்கள், செந்துறைப் பக்கத்து விவசாயிகள், கல்லங்குறிச்சிக் கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் என்று எல்லாருடைய ரத்தமும் என் கையைத் தாண்டித்தான் டாக்டர்களிடம் போகும். என் ரிப்போர்ட்டை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

197 என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பு, எல்.டி.எல். என்று ரிப்போர்ட்டில் போடுவோமே, அது. என் கணவருக்கு நாற்பத்து நாலு வயதில் நெஞ்சு அடைத்தது. பெரம்பலூரில் இதய மருத்துவர் ஒருவர்தான் பார்த்து, திருச்சிக்கு அனுப்பி, ஸ்டென்ட் வைக்கச் செய்து பிழைக்க வைத்தார். அந்த அம்மா அப்போதே என்னிடம் சொல்லியிருந்தார்: "சில குடும்பத்துல இது ரத்தத்துலயே வரும். பொண்ணுக்கும் ஒருதரம் பாருங்க. நூத்தித் தொண்ணூறைத் தாண்டினா சும்மா இருக்காதீங்க, நேரா எங்கிட்ட வாங்க. வாழ்நாள் பூரா மாத்திரை வேண்டியிருக்கும்."

மூன்று வருடமாக நான் பார்க்கவில்லை. ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்தவள், பயத்தில் என் பெண்ணுடையதை மட்டும் தள்ளிப்போட்டேன். பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். இருபது வயது. போன வாரம் அவள் கல்லூரியில் மருத்துவ முகாம் நடந்து, அங்கேயுள்ள ஒரு லேபில் ரத்தம் பார்த்து, 142 என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் அதிகம் என்ற குறி எதுவும் இல்லை. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பாஸ்" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தாள்.

வேறு அம்மாவாக இருந்தால் சாமி கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். நான் போன் போட்டு, "கேம்ப்ல எடுத்ததெல்லாம் ஒரு டெஸ்டா? லீவு போட்டுட்டு வா. நானே பார்க்கறேன்" என்றேன். நானேதான் அழைத்தேன்.

அன்று காலை அவள் வெறும் வயிற்றோடு என் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "ம்மா, தீர்ப்பைச் சொல்லு. பசிக்குது."

"இரு."

"எவ்வளவு?"

"மறுபடி போடறேன். இரு."

மறுபடி போட்டேன். 196. மூன்றாம் முறை 198. நோட்டை மூடினேன். அவள் எட்டிப் பார்க்காமலே புரிந்துகொண்டாள். கால் ஆடுவது நின்றது.

பத்து மணிக்கு டாக்டரைப் போனில் பிடித்தேன். இரண்டு எண்ணையும் சொன்னேன்.

"ஒரே வாரத்துல நூத்தி நாப்பத்திரெண்டு நூத்தித் தொண்ணூத்தி ஏழு ஆகாதும்மா. ரெண்டுல ஒண்ணு தப்பு. எது தப்புன்னு தெரியாம இருபது வயசுப் பொண்ணுக்குக் காலம் பூரா மாத்திரை எழுத மாட்டேன். எழுதாமலும் விட முடியாது, அவங்கப்பாவைப் பார்த்தவ நான். சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. வரும்போது எது நிஜம்னு தெரிஞ்சிட்டு வாங்க."

லேப் முதலாளி மருந்துக் கடையில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அவர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொண்டே, "நம்ம மெஷின் பொய் சொல்லாதும்மா. அவன் கேம்ப் ரத்தத்தைக் கூட்டத்தோட கூட்டமா போட்டிருப்பான்" என்றார். நேற்றுவரை நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மதியம் வீட்டில் என் கணவருக்குச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைத் தட்டிலேயே வைத்தபடி இருந்தார். ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் கேலியாகவே பேசுகிற மனிதர். "எங்கிட்டேருந்து அவளுக்குப் போறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலியா?" என்றார். கேலியாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்தார். முடிவில் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அன்று பகல் முழுக்க எனக்குள் ஓடியது ஒன்றுதான். என் மெஷின் தப்பாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான் போட்ட எண் பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சும்மா வேண்டிக்கொண்டிருந்தால் ஆகாது என்று சாயங்காலம்தான் தோன்றியது. கண்டுபிடிக்கலாமே! ரத்தம் இருக்கிறது, பெரம்பலூர் ஒரு மணி நேரம், சனிக்கிழமைக்கு நடுவில் முழுசாக ஒரு நாள் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மகளிடம் மறுபடி ரத்தம் எடுத்தேன். சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை, அதாவது சீரத்தை, நாலு குழாயில் பிரித்தேன். ஒன்றை என் மெஷினில் போட்டேன். மொத்தக் கொழுப்பு 275, அதிலிருந்து கணக்கிட்டால் கெட்டது மறுபடி 197. மற்ற மூன்றையும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ்கட்டி நடுவே வைத்தேன். மூன்றிலும் என் மகளின் பெயரை எழுதவில்லை. ஒன்றில் அறுபத்தெட்டு வயது ஆண், ஒன்றில் இருபத்தேழு வயது கர்ப்பிணி, ஒன்றில் நாற்பது வயது லாரி டிரைவர் என்று வாயில் வந்த பெயர்களைப் போட்டு எழுதினேன். பெரம்பலூர்க்காரர்கள் நிஜமாகவே கவனமாகப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே எண் வரவேண்டும். மூன்றும் மூன்று விதமாக வந்தால் அவர்கள் போட்ட 142க்கு மதிப்பில்லை.

"நீ ஹாஸ்டலுக்குப் போயிடு. நான் பார்த்துட்டு போன் பண்றேன்" என்றேன் மகளிடம்.

"என் ரத்தம் எங்க போகுதோ அங்கதான் நானும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள்தான் முதலில் பஸ் ஏறினாள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்து மூடியைத் தட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, மீனா? நாறுச்சுன்னா பேரளியில இறக்கி விட்டுருவேன்."

"மீனு இல்லண்ணே, நான்தான்" என்றாள் மகள்.

அவர் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "காலங்காத்தால வந்து சேருதுங்க பாரு" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம். முன்னால் சிமெண்ட் லாரி, பின்னால் சிமெண்ட் லாரி, இரண்டு பக்கமும் மக்காச்சோளம்.

142 போட்ட அந்தப் பெரம்பலூர் லேபில் டெக்னீஷியனாக இருப்பவர் திருச்சியில் என்னோடு ஒன்றாகப் படித்தவர். பார்த்துப் பத்து வருடம் இருக்கும். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, அரியலூரிலிருந்து வருவதாக மட்டும் சொல்லி, முன்னால் இருந்த பெண்ணிடம் குழாய்களைக் கொடுத்துவிட்டு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னை அவருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவரே மூன்று தாளோடு வெளியே வந்தார்.

"இந்தத் தாத்தா, கர்ப்பிணி, லாரி டிரைவர், மூணு பேருக்கும் ஆளு யாரு?"

கையைத் தூக்கினேன்.

"மொத்தக் கொழுப்பு எரநூத்திப் பத்தொம்போது, எரநூத்தி இருபது, எரநூத்தி இருபத்தொண்ணு. அதே சர்க்கரை, அதே உப்பு. எங்கம்மா புடிச்ச இவங்களை? ஒட்டிப் பொறந்தவங்களா?" என்றவர் குனிந்து என் கண்ணைப் பார்த்தார். "ஏய், நீயா! மாஸ்கைக் கழட்டு. என்னைச் சோதிக்க வந்தியா?"

"உன்னை இல்லப்பா. என்னை" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கோபம் அவருக்கு இருக்கத்தான் செய்தது. எல்லாவற்றையும் கேட்ட பிறகு, "போன் பண்ணிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல, இதுக்கு லாரி டிரைவர் எதுக்கு?" என்றார். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சுவரில் வரிசையாகத் தாள்கள் குத்தியிருந்தன. ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியிலிருந்து மாதம் ஒரு குப்பி வருமாம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியாது. போட்டுப் பார்த்து எண்ணை அனுப்ப வேண்டும். இதேபோல எண் அனுப்பும் மற்ற லேப்களுக்கு நடுவில் இவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தாள் திரும்பி வரும். "மாசா மாசம் பரிச்சை. ரெண்டுதரம் ஃபெயில் ஆனேன். மானம் போச்சு. அதுக்கப்புறம்தான் ஒழுங்கா போடறேன்" என்றார். எங்கள் முதலாளியிடம் இதில் சேரலாம் என்று நான் சொல்லியதுண்டு. அப்புறம் பார்க்கலாம் என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

"ஸ்டாண்டர்டு எப்பப் போட்ட?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழுப்புப் பார்க்கும் மருந்துப் பெட்டியில், இவ்வளவு கொழுப்பு என்று அளவு எழுதிய சிறு குப்பி ஒன்றும் வரும். அதுதான் ஸ்டாண்டர்டு. அதைப் போட்டு, இதுதான் 200 என்று மெஷினுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுடையதைப் பார்க்க வேண்டும். தராசுக்குப் படிக்கல் மாதிரி. ஆனால் எங்களைப் போன்ற சின்ன லேப்களில், மெஷினில் பெருக்குத் தொகை ஒன்றை நாங்களே கையால் அடித்துவிடுவோம். ஃபேக்டர் என்போம். அது சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, மீந்துபோன சீரங்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து, சிறு குழாய்களில் பிரித்து உறைய வைத்திருப்போம்; கன்ட்ரோல் என்று அதற்குப் பெயர். தினமும் காலையில் ஒரு குழாய். அந்தக் கலவைக்கு என்னுடைய எண் 180. காலையில் 180 வந்தால்தான் முதல் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவேன். 176 வந்தால் ஃபேக்டரைக் கொஞ்சம் ஏற்றி 180க்குக் கொண்டுவருவேன்.

"கன்ட்ரோல் தெனமும் சரியா வருதுப்பா" என்றேன்.

"நீயே கலந்ததா?"

"ம்."

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து, கம்பெனி அளவு குறித்து அனுப்பிய ஒரு குப்பியை எடுத்து, லேபிளின் மேல் வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டினார். "பிளாஸ்டரைப் பிரிக்கக் கூடாது. உன் மெஷின்ல போட்டு, வந்த நம்பரை எனக்குப் போன்ல சொல்லு. அப்புறம்தான் பிரிக்கணும். பிட்டு அடிச்ச, நேர்ல வந்து உதைப்பேன்."

திரும்பி வரும் பஸ் ஊர்ந்தது. பெட்டியில் ஒரே ஒரு குப்பி. மகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். "ம்மா, உன் மெஷின் கரெக்டா இருந்தா?" என்று பாதி வழியில் கேட்டாள். கேலி இல்லை. நான் அவள் தோளை அழுத்தினேன்.

மணி இரண்டரை. குப்பியில் இருந்ததை அவர் சொன்னபடி கலந்து, அளந்து, மெஷினுக்குள் விட்டேன். மூன்று முறை அளந்தேன். திரையில் 230.

போன் போட்டேன். "எரநூத்தி முப்பது."

"பிரி" என்றார்.

மகள் நகத்தால் பிளாஸ்டரைக் கீறி இழுத்தாள். 184.

"ம்மா!" என்று கத்தினாள். "நூத்தி எம்பத்து நாலுக்கு எரநூத்தி முப்பது! நாலுல ஒரு பங்கு கூடச் சொல்லுது உன் மெஷினு! அப்ப என் எரநூத்தி எழுபத்தஞ்சு..." விரலால் காற்றில் கணக்குப் போட்டாள். "எரநூத்தி இருபது! அவங்க சொன்ன அதே எரநூத்தி இருபது!"

நாற்பத்தாறு வயதில் நான் அந்தப் பின்னறையில் குதித்தேன். அவளைக் கட்டிக்கொண்டு குதித்ததில் ஸ்டூல் உருண்டது. மருந்துக் கடைப் பையன்கள் ஓடிவந்து பார்த்தார்கள். மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிஞ்சுவது கெட்டது. அதனால் மொத்தத்தில் கூடுதலாகக் காட்டிய ஐம்பத்தைந்தும் அப்படியே கெட்டதன் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. 142 தான் 197 ஆகியிருக்கிறது! போனில் அவர், "ஏய், என்ன ஆச்சு, யாரு விழுந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

குதித்து முடித்து மூச்சு வாங்கும்போதுதான் மேசையில் கிடந்த நோட்டு கண்ணில் பட்டது. பக்கம் பக்கமாக மற்றவர்களின் எண்கள்.

"எப்பலேர்ந்து?" என்று நானே கேட்டுக்கொண்டேன். பின்பக்கம் ஃபேக்டரை மாற்றிய நாள்களையும் குறித்து வைத்திருந்தேன். புரட்டினேன். ஐந்து மாதமாக, இரண்டு நாள் மூன்று நாளுக்கு ஒருதரம், சிறுகச் சிறுக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். ஒருநாள்கூட இறக்கியதில்லை. என் கன்ட்ரோல் நாளுக்கு நாள் இளைத்திருக்கிறது. நான் அதற்குத் தகுந்தாற்போல மெஷினைக் கொழுக்க வைத்திருக்கிறேன்.

ஏன் இளைத்தது? காலையில் எடுத்த கன்ட்ரோல் குழாய் இன்னும் ரேக்கில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. மகள் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ம்மா, இதைப் பாரேன். குச்சி ஐஸ் மாதிரி."

"என்ன?"

"குச்சி ஐஸை உறிஞ்சினா கலரெல்லாம் தனியா வந்துடும், வெறும் ஐஸ் தனியா நிக்கும்ல? அதுமாதிரி மேல தண்ணியா இருக்கு, கீழ மஞ்சளா இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். மேல்பாதி வெளிறி, அடிப்பாதி நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது. இருபத்திரண்டு வருடம் கையில் பிடித்த குழாய். உருகி நிற்கும்போது கனமானதெல்லாம் கீழே இறங்கி, நீர் மேலே நிற்கும். நான் மேலேயிருந்துதான் உறிஞ்சுவேன்.

முன்பெல்லாம் குழாயை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பத்துத் தடவை உருட்டுவேன். அந்தப் பழக்கம் ஐந்து மாதத்துக்கு முன்னால் நின்றது. மெஷினில் நுரை போய் அடைத்துக்கொண்டு, பழுது பார்க்க வந்த இன்ஜினியர் பையன், "குலுக்காதீங்க மேடம், குலுக்கினா நுரை வரும்" என்று திட்டிவிட்டுப் போனான். ரோஷம் எனக்கு. குலுக்கக் கூடாது என்று ரேக்கின் மேலேயே எழுதி ஒட்டினேன். குலுக்குவது வேறு, உருட்டுவது வேறு. நான் இரண்டையும் சேர்த்தே விட்டுவிட்டேன். சொன்ன பேச்சைச் சொன்னதற்கு மேலாகவே கேட்டுவிட்டேன். அதோடு கோடையின் மின்வெட்டில் குழாய்கள் பாதி உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகின. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பிரிந்திருக்கும்.

அந்தக் குழாயிலேயே போட்டுப் பார்த்தோம். மேலேயிருந்து எடுத்தால் 180. மகள் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக் கொடுத்தாள். 225. ஒரே குழாய்!

பிரிக்காமலே கிடந்த ஸ்டாண்டர்டு குப்பியை உடைத்து, மெஷினுக்கு 200 என்றால் எது என்று காட்டினேன். பிறகு காலையில் மீந்த மகளின் சீரம். 220. கெட்டது 142. மணி நாலு பத்து. எழுதினேன். இந்த முறை பேனா ஓடியது.

முதலாளியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். அவர் நோட்டைப் புரட்டினார். நெற்றியைத் துடைத்தார். "கூடத்தானேம்மா காட்டிச்சு? குறைச்சுக் காட்டியிருந்தா ஆபத்து. கூடன்னா, பயந்துகிட்டு நல்லா நடந்திருப்பாங்க, வாக்கிங் போயிருப்பாங்க. சரி பண்ணியாச்சுல்ல, விடு. வெளிய சொல்லிக்கிட்டு இருக்காதே."

அவர் சொன்னதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் அந்த நிமிடம் பட்டது. மகள் பிழைத்த சந்தோஷத்தில் எதுவும் நியாயமாகத் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக் கொண்டிருந்தார். மகள் ஓடிப்போய் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. அவள் தலையைப் பிடித்து ஆட்டினார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி, அந்த மெஷின்லதானே எனக்கும் பார்த்த?"

"ஆமாங்க."

"அஞ்சு மாசமா கொழுப்பு ஏறுது ஏறுதுன்னு, கீழப்பழுவூர்ல கறி விருந்து தின்னல, ஆலை கேன்டீன்ல ஆம்லெட் தின்னலன்னு எங்கம்மா மேல சத்தியம் பண்ணச் சொன்னியே. பண்ணேனே. நம்புனியா?"

"இல்லீங்க."

"இப்ப?"

"நம்பறேன்."

"யம்மா, நீ சாட்சி" என்றார் மகளிடம். "உங்கம்மா நம்பிட்டா. நாளைக்கு நெஜமாவே அரை கிலோ எடுத்துட்டு வந்துடறேன்."

அவள் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் என் கண் அவர் காலில் இருந்தது. என் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அவருக்குக் கொழுப்பு மாத்திரையை இரண்டு தடவை கூட்டினார். அந்த மாத்திரை கூடினால் சிலருக்குத் தசை வலிக்கும்; கூட்டிய பிறகுதான் இவரும் கால் குடைகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். வயசாயிடுச்சு என்று அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். முதலாளி சொன்ன நியாயம் அந்த வாசற்படியில் என்னை விட்டுப் போயிற்று.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நானும் மகளும் பெரம்பலூரில் டாக்டர் அறைக்கு வெளியே இருந்தோம். அவசரமாக ஒருவரைக் கொண்டுவந்துவிட்டதால் அவர் வரவில்லை. பதினொன்றரை. பன்னிரண்டு. மகள் மூன்று ரிப்போர்ட்டையும் விசிறி மாதிரி பிடித்து விசிறிக்கொண்டிருந்தாள். "ம்மா, மாத்திரை இல்லதானே?" என்று ஐந்தாவது தடவையாகக் கேட்டாள். இருக்காது என்று சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே பயமாக இருந்தது. என் வாயிலிருந்து வந்த எதையும் நம்ப எனக்கே தைரியம் இல்லை.

பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்தார். பச்சை உடையோடேயே வந்து, நாற்காலியில் சாய்ந்து, கையை நீட்டினார். தாள்களை அடுக்கினேன். நடந்ததைச் சொன்னேன். குழாய், உருட்டுதல், ஸ்டாண்டர்டு, பிளாஸ்டர், எதையும் விடவில்லை.

"உங்க ரிப்போர்ட்ல நூத்தி முப்பதுக்கு மேலன்னா 'அதிகம்'னு கறுப்பா அடிச்சிருக்கு. அவங்க ரிப்போர்ட்ல நூத்தி அறுபதுவரைக்கும் ஒண்ணுமே இல்ல. அரியலூர்ல பார்த்தா நோயாளி, பெரம்பலூர்ல பார்த்தா நல்ல ஆளா?" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "நூத்தி நாப்பத்திரெண்டு உனக்குக் கொஞ்சம் கூடத்தான். ஆனா இது உங்கப்பா கணக்கு இல்ல. மாத்திரை வேண்டாம். ஹாஸ்டல்ல பரோட்டாவைக் குறை, கிரவுண்டுல ஓடு. ஆறு மாசம் கழிச்சு, இந்த ஊர்ல பார்த்த அதே லேப்ல பாரு."

மகள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். எழுந்தோம்.

"நீ போம்மா, வெளிய போய் ஏதாவது சாப்பிடு" என்றார் டாக்டர் மகளிடம். "உங்கம்மா இருக்கட்டும்."

கதவு சாத்தும் வரை பொறுத்திருந்தார். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளி, அதன்மேல் பேனாவை வைத்தார்.

"உக்காருங்க. உங்க நம்பரை நம்பி அஞ்சு மாசமா நான் மாத்திரை எழுதியிருக்கேன். முதல்ல உங்க வூட்டுக்காரரு பேரை எழுதுங்க. அப்புறம் மத்தவங்களை, ஒருத்தரையும் விடாம."